கையெழுத்தும் தலையெழுத்தும்

காணி கைமாறுங்கால் எழுதப்படும் பத்திரத்தை நம்மவர் 'உறுதி' என்று வழங்குவர். காகிதத்திலே நீரோ நெருப்போ பட்டால் அழிந்துபோகும் ஒரு பொருளுக்கு இத்துணை வலிமை வாய்ந்த பெயரை நம் முன்னோர் இட்டது வியத்தற்குரியது. ஒரு தாளின் அடியிலே மனிதர் தம் பெயரை எழுதியவுடன் அது உறுதியாகிவிடுகின்றது. எழுத்தறியாதவர் கைநாட்டு வைத்தாலும் அது உறுதியே. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி கைமாறும்போது நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் ஒரே வேளையில் உடனிருந்து கையொப்பமிடல் வேண்டுமென விதித்தது. அவ்விதி இன்றும் நடைமுறையில் உள்ளது.

சாட்சிக் கையொப்பம் இடுபவருக்கு அக்காணியில் ஒரு குழி நிலமேனும் உரிமையில்லை. அவ்வாறாயின் அவர் எதற்காகக் கையொப்பமிடுகின்றார்? 'இது நடந்தது, நான் கண்டேன்' என்று அவ்விடத்தில் இல்லாத ஒருவருக்குச் சொல்வதற்காகவே இடுகின்றார். அந்த ஒருவர் ஐம்பது ஆண்டு கழித்து வரும் பேரப்பிள்ளையாக இருக்கலாம். வழக்கை விசாரிக்கும் நீதிபதியாக இருக்கலாம். தாம் காணாததை அவர்கள் அக்கையொப்பத்தை நம்பியே ஏற்றுக்கொள்கின்றனர்.

தொழிலறம் என்று இக்காலத்தார் பெரிதாகப் பேசுவதன் உட்பொருளும் இதுவே என்பது எமது துணிபு. மருந்துக் களஞ்சியத்தில் மருந்தின் காலாவதித் திகதியைப் பார்த்து ஒப்பமிடுபவரும், பேருந்தின் தடையாளிகளைப் பரிசோதித்து ஒப்பமிடுபவரும், வைத்தியசாலையில் நோயாளிக்கு ஊசி போடப்பட்டதெனக் குறிப்பேட்டிற் பதியும் தாதியும், விடைத்தாளின் மேற் புள்ளியை எழுதிக் கையெழுத்திடும் ஆசிரியரும் அங்கே இல்லாத ஒருவருக்குச் சாட்சி சொல்லுகின்றனர். அச்சாட்சி பொய்யாயின், இடர்ப்படுபவர் பெரும்பாலும் அக்கையொப்பத்தை ஒருநாளுங் கண்டிராதவராகவே இருப்பார்.

இதனை வணிகர்க்கும் முதலாளிமார்க்கும் உரிய பொருள் என்று ஒதுக்கிவிடல் தகாது. வாணிகஞ் செய்வார்க்குரிய ஒழுக்கத்தைக் கூறும் குறளைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வைத்திலர்; அறத்துப்பாலிலே, இல்லறவியலிலே, நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தார். கடைத்தெருவின் அறமும் வீட்டின் அறமும் வெவ்வேறல்ல என்பது அவ்வைப்பு முறையாலே விளங்கும். குடும்பத்தார் படிக்கும் இப்பகுதியில் இதனை எழுதத் துணிந்ததும் அது பற்றியே.

பாடசாலைகளிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வரவிடாப்பு ஒன்று இருத்தலை யாவரும் அறிவர். குறித்த நேரங் கடந்ததும் அதிபரோ மேலலுவலரோ அவ்விடாப்பிலே செங்கோடு கீறுவார். பிந்தி வந்தவர் கோட்டின் கீழே ஒப்பமிடல் வேண்டும். கையெழுத்தில் ஏமாற்றம் நேருமென்று இப்பொழுது பல கந்தோர்களில் விரலடையாளப் பொறி வைத்துள்ளனர். நன்று. ஆயின் அப்பொறி விரல் வந்ததா என்று மாத்திரமே அறியும். விரலோடு மனமும் வந்ததா என்று அறியாது. காலை எட்டு மணிக்கு விரலைப் பதித்துவிட்டுத் தேநீர்க் கடையிலே பத்து மணிவரை இருந்தவரைப் பொறி என்ன செய்யும்? கருவிகள் எத்துணை வந்தாலும், ஒரு தாளில் உள்ளது உண்மையா என்பது இறுதியிலே மனிதர் ஒருவரின் நேர்மையிலேயே தங்கி நிற்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் வணிகக் கல்வி பயின்ற மாணாக்கர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எம் வீட்டுக்கு வந்தார். தந்தையை இழந்தவர், தங்கை ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். கடன் வழங்கும் தனியார் நிறுவனம் ஒன்றிலே வேலை கிடைத்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. தகுதிகாண் காலம் முடியவில்லை. நெடுநேரம் வேறு கதைகள் பேசியிருந்துவிட்டுப் பின் வந்த காரியத்தைச் சொன்னார்.

"சேர், வகுப்பிலே தொழிலறம் படிப்பித்தீர்கள். அதை எழுதினேன், புள்ளி கிடைத்தது. இங்கே அதைச் செய்தால் வேலை போய்விடும் போலிருக்கிறது" என்றார்.

கடன் கேட்போரின் வீட்டுக்குச் சென்று, வருமானம் என்ன, வேறிடங்களிற் கடன் உண்டா, உண்ண வாய்கள் எத்தனை என்றெல்லாம் விசாரித்துப் படிவம் நிரப்பி ஒப்பமிடுவது அவர் பணி. ஆனால் மாத இலக்கோ மிகப் பெரிது. எல்லா வீடுகளுக்குஞ் சென்றால் இலக்கை எட்ட முடியாது. ஆதலின், சென்று கண்டதாகவே ஒப்பமிடுமாறு மேலே இருந்தவர் வாய்மொழியாகக் கூறினாராம். 'எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள். இது வெறுஞ் சம்பிரதாயம்' என்பது அவர் கூறிய சமாதானம்.

"தம்பி, அந்தப் படிவத்தை யார் வாசிப்பார்?" என்று கேட்டோம்.

"கடனை அனுமதிக்கிறவர், சேர்."

"அவர் அந்த வீட்டைக் கண்டாரா?"

"இல்லை."

"அப்படியானால் அவருக்குக் கண் நீர்தான். கண் பொய் சொன்னால் மூளை என்ன செய்யும்?"

வட கிழக்கிலே நுண்கடன் செய்த கொடுமையை இவ்வேடு படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2009 இல் யுத்தம் முடிந்தபின் கடன் நிறுவனங்கள் ஊர்தோறும் வந்தன. கணவனை இழந்த பெண்கள் பலர் கோழி வளர்க்கவும் தையற்பொறி வாங்கவும் கடன் பெற்றனர்; ஒரு நிறுவனத்தின் வாராந்தத் தவணையைக் கட்ட மற்றொரு நிறுவனத்திற் கடன் பட்டனர். தவணை கேட்டு வருவோருக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு அயல்வீட்டில் ஒளிந்திருந்தாரும் உளர். 2018 இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களுள் ஒரு பகுதியை அரசாங்கம் தலையிட்டுத் தீர்க்க வேண்டியதாயிற்று. இத்துன்பத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, 'இவருக்கு ஏற்கெனவே கடன் உண்டு. இன்னும் கொடுத்தால் தாங்கார்' என்று எழுதப்பட்டிருக்க வேண்டிய இடத்திலே பாராமல் இடப்பட்ட ஒரு கையொப்பம். 'வெறுஞ் சம்பிரதாயம்' என்பது அதனை இடுபவருக்குத்தான். அதன் விளைவைச் சுமப்பவருக்கு அது தலையெழுத்து.

அவ்விளைஞர் மறுத்துப் பேசவில்லை. ஆனால் நியாயமான ஒரு வினாவை எழுப்பினார். "நான் வைக்காவிட்டால் இன்னொருவன் வைப்பான், சேர். கடன் எப்படியும் போகத்தான் போகிறது. என் வேலை போவதுதான் மிச்சம்."

அப்போது நாம் அவருக்கு அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறினோம். அதனை இங்குங் கூறுவாம்.

1986 ஆம் ஆண்டு ஜனவரி 27 ஆந் திகதி இரவு. மறுநாட் காலை புளோரிடாவிலிருந்து சலஞ்சர் என்னும் விண்ணோடம் புறப்படவிருந்தது. அதனை உந்திச் செலுத்தும் உந்துகணைகளை யூட்டா மாநிலத்திலிருந்த மோட்டன் தயக்கோல் என்னும் நிறுவனம் செய்து கொடுத்திருந்தது. அவ்வுந்துகணை பல துண்டங்களைப் பொருத்தி அமைக்கப்படுவது. பொருத்துகளினூடே தீச்சுவாலை கசியாதபடி இறப்பர் வளையங்கள் அடைத்து நிற்கும். குளிரிலே இறப்பர் விறைத்து, விரிந்து கொடுக்குந் தன்மையை இழக்கும். ஓராண்டுக்கு முன் குளிரான நாளொன்றிலே சென்றுவந்த உந்துகணையின் பொருத்தைத் தாண்டிச் சூடான வாயு கசிந்திருந்ததைப் பொறியியலாளர் கண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான றோஜர் போஷோலே, இக்குறை தீராவிடின் பெருங்கேடு நேரும் என்று 1985 யூலை மாதத்திலேயே எழுத்து மூலம் எச்சரித்திருந்தார். அன்றிரவோ உறைநிலைக்குங் கீழான குளிர் எதிர்பார்க்கப்பட்டது.

தொலைபேசியிலே நெடிய ஆலோசனை நடந்தது. வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் குறைவாயின் செலுத்தலாகாது என்று பொறியியலாளர் வாதித்தனர். நாசா அலுவலர் அதனை விரும்பவில்லை. தயக்கோல் நிறுவனத்தார் தமக்குள்ளே பேசுதற்குச் சிறிது அவகாசம் கேட்டனர். அவ்விடைவேளையில், நிறுவனத்தின் மேலலுவலர் ஒருவர், பொறியியற் பிரிவின் தலைவரை நோக்கிப் பொறியியலாளனுக்குரிய தொப்பியைக் கழற்றிவிட்டு முகாமையாளனுக்குரிய தொப்பியை அணியுமாறு கூறினாராம். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் 'செலுத்தலாகாது' என்பது 'செலுத்தலாம்' என்று மாறியது.

அந்த முடிவுக்கு ஒரு கையொப்பம் தேவைப்பட்டது. நிறுவனத்தின் சார்பிலே புளோரிடாவில் நின்றவர் அலன் மக்டொனால்ட் என்னும் பொறியியலாளர். வழக்கப்படி ஒப்பமிட வேண்டியவர் அவர். அவர் மறுத்துவிட்டார். உடனே யூட்டாவிலிருந்த மற்றொரு மேலலுவலர் ஒப்பமிட்டுத் தொலைநகலிலே அனுப்பினார். மறுநாள் விண்ணோடம் புறப்பட்டது. 73 ஆவது செக்கனில் வானிலே சிதறியது. எழுவர் மாண்டனர். அவருள் ஒருவர் கிறிஸ்டா மக்கோலிவ் என்னும் பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து பாடம் நடத்தவென்று சென்றவரை அவர்தம் மாணாக்கர் தொலைக்காட்சியிலே பார்த்துக்கொண்டிருந்தனர்.

ஆகவே அவ்விளைஞர் கூறியது மெய்யே. ஒருவர் மறுத்தார், இன்னொருவர் இட்டார், விண்ணோடம் போயே போயிற்று. ஆயின் கதை அங்கே முடியவில்லை. விசாரணைக் குழுவின் முன்னே நாசா அலுவலர் பட்டும் படாமலும் பேசியபோது, பின்வரிசையிலிருந்த மக்டொனால்ட் எழுந்து, 'செலுத்த வேண்டாம் என்று நாங்கள் பரிந்துரைத்தோம்' என்னும் உண்மையைக் கூறினார். அதற்காக நிறுவனம் அவரைப் பதவியிறக்கியது. அமெரிக்கக் காங்கிரசு தலையிட்ட பின்னரே அவர் மீண்டும் உயர்த்தப்பட்டார். குறையுடைய அப்பொருத்தைத் திருத்தி அமைக்கும் பணி அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. திருத்திய உந்துகணையுடன் 1988 செப்ரெம்பரில் விண்ணோடம் மீண்டும் பறந்தது. அவர் 2021 இல் மறைந்தார்.

அன்றிரவு அவரும் ஒப்பமிட்டிருந்தால் பின்னர் எந்த வாயால் உண்மையைச் சொல்லியிருப்பார்? பொய்ச்சாட்சியில் ஒருமுறை பங்கு கொண்டவர் அதனைக் காப்பதற்கே வாழ்நாளெல்லாம் உழைக்க வேண்டும். கையொப்பமிட மறுத்தவர் தீங்கைத் தடுக்க முடியாமற் போகலாம். ஆனால் தீங்கு நேர்ந்தபின் அதனைத் திருத்த வல்லவராக எஞ்சி நிற்கின்றார். ஒரு நிறுவனத்துக்கு அத்தகைய ஒருவராவது வேண்டும்.

இக்கதையைக் கேட்ட இளைஞருக்கு நாம் வேலையை உதறிவிட்டு வாரும் என்று சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டை அறியாது அறம் பேசுதல் எளிது. சென்று கண்ட வீடுகளுக்கு மாத்திரம் 'கண்டேன்' என்று எழுதும்; காணாத வீட்டின் படிவத்தில் 'நேரிற் செல்ல நாள் போதவில்லை' என்று திகதியுடன் குறித்து வையும்; நாளொன்றுக்கு எத்தனை வீடுகளுக்குச் செல்ல முடியும் என்பதை மேலலுவலருக்குப் பணிவாக எழுதிக் கொடும் என்றோம். வாய்மொழியாகக் கட்டளையிடுவோர் பலர், எழுத்திலே கேட்டால் தம் கட்டளையைத் தாமே மறுபடி எண்ணிப் பார்ப்பர்.

அவர் அவ்வாறே செய்தார். விளைவு? அறத்தின் வழி நின்றவருக்கு அடுத்த மாதமே பதவி உயர்வு கிடைத்தது என்று எழுதிவிட எமக்கும் விருப்பமே. ஆனால் அது நடக்கவில்லை. இலக்கை எட்டாமையால் அவருடைய ஊக்கப்பணம் நின்றது. தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதம் நீடிக்கப்பட்டது. இறுதியில் அவ்வேலையை விட்டு ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் பிரிவிற் சேர்ந்தார். சம்பளம் குறைவு. தங்கையின் படிப்புக்காக மாலையில் இரண்டு பிள்ளைகளுக்குப் பாடமுஞ் சொல்லிக் கொடுக்கின்றார். சென்ற வருடம் கோயில் வீதியிலே அவருடைய தாயார் எம்மைக் கண்டு, "மாஸ்டர், சம்பளம் குறைஞ்சு போச்சுத்தான். ஆனா பெடியன் இப்ப இரவிலை நித்திரை கொள்ளுறான்" என்றார். அத்தாய்க்கு அது சிறிய காரியமாகத் தோன்றவில்லை.

ஆயினும் இவ்வளவையும் ஓர் இளைஞரின் தலையிலே சுமத்திவிட்டு நாம் அமைதி காணலாகாது. தொழிலறம் கீழே இருப்பவரின் தைரியம் மாத்திரமன்று. மேலே இருப்பவர் விதிக்கும் இலக்குமாகும். அமெரிக்காவிலே 1852 இல் தொடங்கப்பெற்ற வெல்ஸ் பார்கோ என்னும் பெரிய வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளரும் தன்னிடம் எட்டு வகையான கணக்குகளோ அட்டைகளோ பிற சேவைகளோ பெறல் வேண்டுமென்று இலக்கு வகுத்தது. அன்றாடம் அந்த எண்ணிக்கையைக் கேட்டு ஊழியரை நெருக்கினர். நெருக்கடி தாங்காத ஊழியர், வாடிக்கையாளர் அறியாமலே அவர்கள் பெயரிற் கணக்குகளைத் திறந்தனர். 2016 செப்ரெம்பரில் இது வெளிப்பட்டபோது வங்கிக்கு 18 கோடியே 50 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஐயத்துக்கிடமான கணக்குகள் 35 இலட்சம் வரை இருக்கலாமென்று மறு ஆண்டு மதிப்பிட்டனர். அதற்கு முந்திய ஐந்தாண்டுகளிலே ஏறத்தாழ 5,300 ஊழியர் இதன்பொருட்டு வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். ஐயாயிரம் பேர் ஒரே குற்றத்தைச் செய்தாராயின், அது ஐயாயிரம் பேரின் குணக்கேடு மாத்திரமாகுமோ? இலக்கை வகுத்தவரின் மேசையையும் பார்த்தல் வேண்டுமன்றோ? தாமதித்தேனும் பார்த்தார்கள். வங்கியின் தலைமை நிர்வாகியாயிருந்தவர் 2020 இல் வங்கித் தொழிலிலிருந்தே தடைசெய்யப்பட்டு, ஒரு கோடியே 75 இலட்சம் டொலர் தண்டமுஞ் செலுத்தினார்.

ஆதலின் முகாமையாளராயும் அதிபராயும் சங்கத் தலைவராயும் இருப்போர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: 'கெட்ட செய்தியை என்னிடங் கொண்டுவருபவரை நான் எம்முகத்தோடு வரவேற்கின்றேன்?' சினந்த முகத்தோடு வரவேற்பவருக்கு நாளடைவில் நற்செய்திகள் மாத்திரமே வந்து சேரும். அவற்றுட் பாதி பொய்யாயிருக்கும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கத் தொடங்கியுள்ளது. நம் நாட்டில் இலஞ்சச் சட்டம் 1954 இலேயே இயற்றப்பட்டது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் நிகழும் இலஞ்சத்தையும் குற்றமாக்கி, ஊழலைப் பற்றித் தகவல் தருவோருக்குப் பாதுகாப்பும் வகுத்துள்ளது. இவை வேண்டற்பாலனவே. எனினும் சட்டம் பெரும்பாலும் தீங்கு நிகழ்ந்த பின்னரே வருவது. கையில் எழுதுகோலை எடுக்குங் கணத்திலே அருகில் இருப்பது ஒருவர் வீட்டிலே கற்ற பழக்கமே.

அப்பழக்கம் சிறு காரியங்களிலே தொடங்குகின்றது. பிள்ளையின் வீட்டுவேலைக்குக் கந்தோர்த் தாளைக் கொண்டுவந்து கொடுக்கும் தந்தை, தாளோடு வேறொன்றையுங் கொடுக்கின்றார். பிள்ளை திருமண வீட்டுக்குச் சென்ற நாளுக்குக் 'காய்ச்சல்' என்று கடிதம் எழுதி ஒப்பமிடும் பெற்றோர், கையெழுத்தின் மதிப்பு இவ்வளவுதான் என்று அப்பிள்ளைக்குக் காட்டிவிடுகின்றனர். 'திருமண வீட்டுக்குச் சென்றான்' என்று எழுதினால் எந்த ஆசிரியரும் பிள்ளையை விழுங்கிவிட மாட்டார். பெற்றோர் அவ்வாறு எழுதிய கடிதங்களையும் நாம் பெற்றிருக்கின்றோம். அவற்றை வாசிக்குந்தோறும் அவ்வீட்டின்மேல் மதிப்பு உயர்ந்ததேயன்றித் தாழ்ந்ததில்லை.

படிப்பு முடிந்து வேலைக்குச் செல்லவிருக்கும் மாணாக்கர்க்கு ஒன்று கூறி அமைவாம். உங்களுள் ஒவ்வொருவர் முன்னும், அநேகமாக முதல் ஆண்டிலேயே, ஒரு தாள் நீட்டப்படும். 'இதிலே ஒன்றுமில்லை, சும்மா ஒரு கையெழுத்து' என்று யாரோ சொல்லுவார். சொல்பவர் கெட்டவராயிருக்க வேண்டுமென்பதில்லை. களைத்தவராயிருக்கலாம், அஞ்சியவராயிருக்கலாம், உங்களுக்கு நன்மை செய்தவராயுமிருக்கலாம். அப்போது எழுதுகோலைத் திறக்குமுன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். இதை நான் கண்டேனா? இதை நம்பப் போகின்றவர் யார்? முதல் வினாவுக்கு 'இல்லை' என்பது விடையாயின், சென்று காணுங்கள். காண முடியாதாயின் 'காணவில்லை' என்று எழுதுங்கள். சும்மா ஒரு கையெழுத்து என்று உலகில் ஒன்று இல்லை.